கைப்பிடியில் மாட்டிய தொப்பி

நியூ ஜெர்சியில் கெர்னி என்ற ஊரில், மீன் வறுத்து விற்கும் கடைக்கு மேல்மாடியில் கசிமிர் வைட்கஸ் குடியிருந்தார். பெற்றோர் லிதுவேனியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். மனைவி ப்ரோனே இறந்த பிறகு பழைய வீட்டை விட்டுவிட்டு இந்த ஒற்றை அறைக்கு வந்தார். பிள்ளைகள் இல்லை. சட்டை, தலையணை, ஞாயிறன்று மாதா கோவிலுக்குப் போட்டுப்போகும் கறுப்புக் கோட்டு எல்லாவற்றிலும் கீழ்க்கடையின் எண்ணெய் வாசனை ஏறியிருந்தது. கோவிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்கள். அது எதனால் என்று அவருக்கு வெகு நாள் தெரியவில்லை.

வேலை ஆரஞ்ச் ஊரில். ஒரு காலத்தில் அந்த ஊர் முழுக்கத் தொப்பித் தொழிற்சாலைகள்தான். இளம் வயதில் கசிமிரும் அதில் ஒன்றில் நீராவி அச்சு அழுத்துகிறவராக இருந்தார். போர்க்காலத்தில் கண்ணாடி வில்லைகளுக்கு மெருகேற்றக் கற்றுக்கொண்டார். தொப்பி வியாபாரம் படுத்த பிறகு அதே கட்டடத்தை ஒரு சிறிய ஆய்வுக்கூடம் வாடகைக்கு எடுத்தது. மெருகேற்றத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். பழைய வாசல் வழியாகவே உள்ளே போய் அவர் புது வேலையில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கொடுத்த பொருள் விரல் கனமுள்ள சிவப்புக் கல். சுரங்கத்தில் கிடைக்கும் மாணிக்கம் அல்ல, உலையில் வளர்த்தது. அதன் இரண்டு முனைகளையும் சற்றும் சாயாமல், ஒன்றுக்கொன்று நேராக, தட்டையாகத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். பிறகு இரண்டிலும் வெள்ளி பூசுவார்கள்.

"எதுக்குய்யா இவ்வளவு பாடு?" என்று கீழ்க்கடை திருமதி மக்டாகர்ட் ஒரு நாள் கேட்டாள். ஸ்காட்லாந்துக்காரி, வாய் பெரிது, கை தாராளம்.

"ஒரு புது மாதிரி வெளிச்சம் செய்யப் பாக்கறோம்."

"வெளிச்சமா? அதைத்தான் எடிசன் பக்கத்து ஊர்லயே செஞ்சு முடிச்சிட்டுப் போயிட்டாரே. நீங்க கொஞ்சம் லேட்டு."

கசிமிர் சிரித்தார். அன்று கடையில் கூட்டம் இல்லாததால் பொறுமையாகச் சொன்னார். "சங்கு ஊதினதும் மில்லிலேருந்து ஜனங்க வெளிய வர்றாங்கல்ல, ஆளுக்கு ஒரு பக்கம் போவாங்க, ஆளுக்கு ஒரு வேகம். பல்பு வெளிச்சம் அப்படித்தான். நாலாபக்கமும் சிதறிடும். ஜூலை நாலாந்தேதி சுதந்திர தினத்துல பேண்டு வாத்தியத்தோட போற அணிவகுப்பைப் பாரு. ஒரே சட்டை, ஒரே திசை, எல்லாக் காலும் ஒண்ணா விழும். வெளிச்சத்தை அப்படி நடக்க வைக்கணும்."

"வெளிச்சத்துக்கு யாரு தாளம் போடறது?"

"வெளிச்சமேதான். கல்லைச் சுத்தி ஒரு விளக்கு சுருண்டு கிடக்கும். அதைப் பளிச்சுன்னு எரியவிட்டா கல்லுக்குள்ள இருக்கற அணுவெல்லாம் அந்த வெளிச்சத்தைக் குடிச்சிட்டுத் துள்ளி நிக்கும். அதுல ஒண்ணு கீழ விழும்போது கொஞ்சம் சிவப்பு வெளிச்சத்தை விடும். அந்த வெளிச்சம் பக்கத்துல துள்ளி நிக்கறதைத் தட்டிவிடும். அதுவும் அதே தாளத்துல அதே மாதிரி வெளிச்சத்தை விடும். ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும். ரெண்டு முனையிலயும் கண்ணாடி இருக்கறதால உள்ளயே போய்ப் போய்த் திரும்பிப் பெருகும். ஒரு முனையில வெள்ளிப் பூச்சு கொஞ்சம் லேசு. அது வழியா வெளிய பாயும்."

"அப்ப முனை கோணலா இருந்தா?"

"வெளிச்சம் பக்கவாட்டுல ஓடிப்போயிடும். அதுக்குத்தான் நான்."

இந்த யோசனை அந்தக் கூடத்தில் பிறந்ததல்ல. ஒரு வெளிச்சம் இன்னொரு வெளிச்சத்தைத் தட்டி எழுப்பும் என்று ஐன்ஸ்டைன் 1917-லேயே காகிதத்தில் எழுதிவிட்டார். பிறகு நெடுங்காலம் அதை யாரும் கையில் எடுக்கவில்லை. போர் முடிந்து ராடார் வேலை பழகியவர்கள் சும்மா இருந்த காலத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணலைகளை அதே வழியில் பெருக்கும் கருவியை நியூயார்க்கில் செய்து காட்டினார்கள். 1958-ல், கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இது முடியும் என்று ஒரு கட்டுரை வந்தது. அன்றிலிருந்து ஓட்டப்பந்தயம். பெரிய கூடங்கள் ஓடின, சிறியவையும் ஓடின. இந்தத் தொப்பிக் கட்டடமும் மூச்சிரைக்க ஓடியது.

1960 கோடையில் கலிபோர்னியாவில் ஒருவர் முந்திக்கொண்டார். அவருடைய கல்லும் மாணிக்கம்தான். செய்தித்தாளில் படம் வந்த காலையில் கூடத்தின் தலைவர் டாக்டர் ஹாலிஸ் அந்தத் தாளை மேஜையில் விரித்து வைத்தார். பிறகு படத்திலிருந்த சுருள்விளக்கை அளந்து அதே மாதிரி ஒன்று வாங்கச் சொன்னார். வாங்கினார்கள், எரிந்தது, கதிரும் வந்தது. உண்மையில் கலிபோர்னியாக்காரர் முதலில் எரித்தது அதைவிடச் சின்ன விளக்கு என்றும், பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று பெரிதை வைத்துப் படம் பிடித்தார்கள் என்றும் பின்னால் தெரிந்தது. டாக்டர் ஹாலிஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். கசிமிர் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தார்.

கதிர் வந்துவிட்டது. அதன் பலத்தை எப்படி அளப்பது? அதற்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கருவி அப்போது கிடையாது. அதனால் சவர பிளேடுகளை அடுக்கிவைத்து, கதிரை ஒரு வில்லையால் குவித்து அதன்மேல் விடுவார்கள். எத்தனை பிளேடில் துளை விழுகிறதோ அத்தனை பலம். மூன்று பிளேடு, நான்கு பிளேடு என்றுதான் பேச்சு. பல ஊர்க் கூடங்களில் இப்படித்தான் செய்தார்கள். இந்தக் கூடத்தில் அது வெள்ளிக்கிழமைச் சடங்காகிவிட்டது. ஆளுக்கொரு எண் சொல்லுவார்கள். தோற்றவர்கள் டோநட் வாங்கிவர வேண்டும்.

பழைய பிளேடு கொண்டுவருவது கசிமிரின் பொறுப்பு. காலையில் சவரம் முடிந்ததும் பிளேடைத் துடைத்துக் காகிதத்தில் மடித்து வைப்பார். வாரம் முழுக்க அவர் எதிர்பார்த்திருந்த நாள் வெள்ளிதான். மற்ற நாட்களில் அவரோடு பேசியது தேய்க்கும் தட்டும் சிவப்புக் கல்லும் மட்டுமே.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதைக் கொண்டுவந்தவரே கசிமிர்தான். தொப்பி ஆலையில் அச்சுக்குள் கையை விடுகிறவன் தன் தொப்பியைக் கழற்றி நீராவிக் கைப்பிடியில் மாட்டிவிடுவான். தொப்பி தொங்கும்வரை கைப்பிடியை யாரும் தொடமாட்டார்கள். மாட்டியவனைத் தவிர வேறு எவனும் அந்தத் தொப்பியை எடுக்கவும் கூடாது. முதலாளியே வந்தாலும் கூடாது. ஆய்வுக்கூடத்தில் சுருள்விளக்குக்கு மின்சாரம் சேர்த்துவைக்கும் இரும்புப் பெட்டிக்கும் ஒரு கைப்பிடி இருந்தது. மேஜையில் வேலை செய்கிறவர் தொப்பியை அதில் மாட்டட்டும் என்றார் கசிமிர். படித்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். தொப்பி போடாத ஓரிருவர் இதற்காகவே வாங்கினார்கள்.

அந்தக் கைப்பிடி வில்மாவின் பொறுப்பில் இருந்தது. ஐம்பதை நெருங்கியவள், கணவனை விட்டுத் தனியாக இருந்தவள், யாரையும் கிண்டல் செய்யாமல் விடமாட்டாள்.

"யோவ் காஸ், எத்தனைன்னு சொல்லுய்யா. போன வாரமும் நீதான் டோநட். உன் காசுல நான் குண்டாயிட்டே போறேன்."

"ஆறு" என்றார் கசிமிர்.

"ஆறா? அஞ்சைத் தாண்டினதே இல்ல. பெரியவர் காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரு போல!"

அது 1961 ஆகஸ்ட்டில் ஒரு வெள்ளி. கசிமிர் கல்லின் முனையைத் துடைத்து, பிளேடுகளை அடுக்கி, "ஆச்சு" என்று சொல்லித் தன் தொப்பியை எடுத்துக்கொண்டார். வில்மா கைப்பிடியை இறக்கினாள். பெட்டி முனகத் தொடங்கியது. அப்போதுதான், குறி பார்ப்பதற்காகக் கதிரின் பாதையில் சாய்த்து வைத்திருந்த சாய்கண்ணாடியில் ஒரு தூசி இருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஒரு தூசியால் ஆறு ஐந்தாகிவிடக்கூடும். வில்மா மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிய பிறகுதான் விளக்கு எரியும். எண்ண ஆரம்பித்ததும் விலகிக்கொள்ளலாம் என்று நினைத்துக் கருவியைச் சுற்றி நிறுத்திய கறுப்புத் தகர மூடிக்குப் பின்னால் குனிந்தார். அங்கே அவர் நிற்பது வில்மாவுக்குத் தெரியாது. தொப்பி அவர் கையில் இருந்தது.

விளக்கு எண்ணிக்கைக்குக் காத்திருக்கவில்லை. எப்போதாவது இப்படித் தானாக வெடித்து எரிவதுண்டு. சடாரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வலி இல்லை.

"ஆறு!" என்று கத்தினாள் வில்மா. "கெழவன் ஜெயிச்சுட்டான்டா!"

எல்லோரும் அவர் முதுகில் தட்டினார்கள். டாக்டர் ஹாலிஸ் தானே போய் டோநட் வாங்கிவந்தார். கசிமிர் தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு வலது கண்ணால் அதைப் பார்த்தார். டோநட்டின் விளிம்பு தெரிந்தது. நடு ஓட்டையும் அதைச் சுற்றிய பகுதியும் சாம்பல் நிறத்தில் மூடியிருந்தன. கையை நகர்த்தினார். சாம்பலும் கூடவே நகர்ந்தது.

முழுக் கதிர் பட்டிருந்தால் கண்ணே போயிருக்கும். சாய்கண்ணாடியில் தெறித்த சிறு பங்குதான் உள்ளே போனது. அதுவே போதுமானதாக இருந்தது. வலது கண்ணால் எதை நேராகப் பார்த்தாலும் அது மறைந்தது. ஓரங்கள் மட்டும் மிஞ்சின.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணில் பழுது உள்ளவனை மெருகு வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். வேலை போனால் வெள்ளிக்கிழமையும் போய்விடும். தொப்பி விதியைக் கொண்டுவந்தவனே அதை மீறினான் என்று சொல்ல நாக்கும் எழவில்லை. இடது கண்ணைப் பழக்கினார். தேய்த்த முனையில் சோதனைக் கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு முன்பைவிட நேரம் பிடித்தது. வேலையில் குறை வராமல் பார்த்துக்கொண்டார். குறை வேறு இடத்தில் வந்தது. ஞாயிறு மதியம் லிதுவேனியர் மன்றத்தில் சீட்டாடும்போது, வாரமெல்லாம் உழைத்த இடது கண் அயர்ந்துபோய், ஹார்ட் சீட்டை டைமண்ட் என்று இறக்கினார். "காஸுக்கு இன்னிக்குப் போதை முன்னாடியே ஏறிடுச்சு" என்று சிரித்தார்கள். இரண்டாம் முறையும் அப்படி ஆனதும் அவர் அங்கே போவதை நிறுத்திக்கொண்டார். ஞாயிறு மதியங்களில் கறுப்பு ரொட்டியும் பீட்ரூட் சூப்பும் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை ஒரு கண்ணால் பார்ப்பார். பிறகு மற்றதால் பார்ப்பார். இரண்டாவது வகையில் யாருக்கும் முகம் இல்லை.

அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து டாக்டர் லெவென்தால் என்ற கண் மருத்துவர் வந்தார். கண்ணின் உட்திரை கிழிந்தால் அதைச் சூட்டுத் தழும்பால் ஒட்டவைக்கலாம் என்பது கண் மருத்துவர்களுக்குத் தெரிந்ததே. இந்தச் சிவப்புக் கதிரைக் கொண்டு, கண்ணை அறுக்காமல், கண்மணி வழியாகவே ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அதைச் செய்ய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கான சிறிய கருவியைச் செய்து தரும் பொறுப்பு இந்தக் கூடத்துக்கு வந்தது.

கருவி தயாரானதும், குறி பார்க்கும் பகுதியை மட்டும் சோதிக்க வேண்டும் என்று அவர் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, வெறும் மங்கலான விளக்கில் கண்ணுக்குள் பார்த்தார்.

"அடுத்து நீங்க" என்றார் கசிமிரிடம்.

"எனக்குத் தட்டுல வேலை கெடக்கு டாக்டர்."

"போய் உக்காருய்யா" என்றாள் வில்மா. "உள்ள பொண்ணு யாராவது தெரிவாளோன்னு பயமா?"

எல்லோரும் சிரிக்க, கசிமிர் தன் மெருகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவு மெல்லியது. லெவென்தால் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வது கேட்டது.

பேட்டர்சன் ஊரில் பட்டுத்துணியில் இழை விட்டுப்போன இடங்களைத் தைத்துச் சரிசெய்யும் ஒரு பெண்மணி. ஒரு கண் முன்பே போய்விட்டது. மிஞ்சிய கண்ணின் உட்திரையில் நடுவுக்கு மிகப் பக்கத்தில் ஒரு கிழிசல். அடுத்த வாரம் அவளுக்குச் செய்தாக வேண்டும்.

"பலம் குறைஞ்சா ஒட்டாது. கூடினா நடுப்பார்வையும் போயிடும்" என்றார் லெவென்தால். "முயல்கள்ல செஞ்சு பாத்தாச்சு. தழும்பு எவ்வளவு பெருசுன்னு அளக்க முடியுது. ஆனா அந்தத் தழும்பால முயலுக்கு எவ்வளவு மறைக்குதுன்னு எந்த முயல்கிட்டப் போய்க் கேக்கறது?"

"கேரட் குடுத்துக் கேட்டுப் பாருங்க" என்றாள் வில்மா.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "மனுஷக் கண்ணு ஒண்ணு பாத்திருந்தா சொல்லிடுவேன்" என்றார் லெவென்தால். "இப்ப ஊகம்தான்."

கதவின் மறுபக்கம் கசிமிர் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

மாலையில் மீன்கடை வழியாகத்தான் மாடிக்குப் போக வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் திருமதி மக்டாகர்ட் நின்றிருந்தாள். கசிமிர் அவள் எதிரில் நின்று இடது கண்ணை மூடினார். கொண்டையும் ஏப்ரனும் தெரிந்தன. இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை.

"என்னய்யா கண்ணடிக்கிற?" என்றாள் அவள். "இந்த வயசுல? போய் மொதல்ல சட்டையத் தொவை, அப்பறம் பாக்கலாம்."

அவர் மறுபடி கண்ணைத் திறந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "இல்லம்மா, தூசி" என்று சொல்லி மாடியேறினார். பேட்டர்சன் பெண்மணிக்கு மூடித் திறக்க இன்னொரு கண் இல்லை என்பது படிக்கட்டில்தான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் காலை லெவென்தால் கருவியோடு உட்கார்ந்திருந்தபோது கசிமிர் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி இரும்புப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டினார். பிறகு முக்காலியில் உட்கார்ந்து முகவாயைத் தாங்கியில் வைத்தார்.

"வலது கண்ணு டாக்டர். ஆகஸ்ட்டுல பட்டது. சாய்கண்ணாடிலேருந்து."

லெவென்தால் வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளின் நடுவே புள்ளி வைத்து, அதைப் பார்த்தபடி எதுவரை மறைகிறது என்று விரலால் காட்டச் சொன்னார். கசிமிர் காட்டினார். முதல் வாரம் எப்படி இருந்தது, இப்போது எவ்வளவு சுருங்கியிருக்கிறது, ஓரம் கறுப்பா சாம்பலா என்று கேட்டுக்கொண்டே போனார். கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. இரண்டு மாதமாக அவருக்கு அந்தச் சாம்பலைத் தவிர வேறு துணை எது?

"அன்னிக்குக் கதிரோட பலம் எவ்வளவு?"

கசிமிர் வில்மாவைப் பார்த்தார்.

"ஆறு பிளேடு" என்றாள் அவள். "நான்தான் கத்தினேன். அந்தாளு ஜெயிச்ச அன்னிக்கு." அவர் பக்கம் திரும்பி, "தொப்பி எங்கய்யா இருந்துச்சு?" என்றாள்.

"கையில."

"கையில!" என்றாள். வெளியே போய்விட்டாள்.

டாக்டர் ஹாலிஸும் லெவென்தாலும் தாளில் கணக்குப் போட்டார்கள். ஆறு பிளேடு பலத்தில் சாய்கண்ணாடி எவ்வளவு பங்கைத் தெறிக்கவிடும், அது இந்த அளவு மறைப்பை உண்டாக்கினால் அந்தப் பெண்மணிக்கு எவ்வளவு போதும். லெவென்தால் எழுதிவைத்திருந்த பலத்தில் பாதிக்கும் கீழே வந்து நின்றது விடை. அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"இதை நான் மேல சொல்லித்தான் ஆகணும் காஸ்" என்றார் டாக்டர் ஹாலிஸ். "இன்ஷூரன்ஸ்காரங்க உங்களை இனிமே இந்த ரூமுக்குள்ள விடமாட்டாங்க."

"தெரியும் டாக்டர்."

அன்றே அவரைக் கீழ்த்தளத்தில் சாமான் அறைக்கு மாற்றினார்கள். திருகாணி, கம்பி, கையுறை கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக்கொடுக்கும் வேலை. ஜன்னல் இல்லாத அறை. வீட்டுக்குப் புறப்படும்போதுதான் தலை வெறுமையாக இருப்பதை உணர்ந்தார். மேலே போக அனுமதி இல்லை. மழையில் தலை நனைய பஸ்ஸுக்கு நின்றார்.

திங்கட்கிழமை வில்மா சாமான் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"மரியாதையா வந்து உன் தொப்பிய எடு."

"நீயே எடுத்துட்டு வந்திருக்கலாமே."

"நானா?" அவள் குரல் உயர்ந்தது. "மாட்டினவன்தான் எடுக்கணும்னு யாருய்யா சொன்னது? டாக்டருங்க ரெண்டு பேரும் காலைலேருந்து அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. கொறைச்ச பலத்துல சுட்டுப் பாக்கணுமாம். ஒருத்தரும் தொடமாட்டேங்கறாங்க."

கசிமிர் அவள் பின்னால் படியேறினார். அறைக்குள் போய்க் கைப்பிடியிலிருந்து தொப்பியை எடுத்தார். அவர் உள்ளே வந்ததை டாக்டர் ஹாலிஸ் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கசிமிர் தகர மூடிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு வெளியே வந்து வாசலுக்கு அப்பால் நின்றார்.

வில்மா இதுவரை இல்லாத அளவுக்கு நிதானமாக எண்ணினாள். சடாரென்ற சத்தம் கேட்டது.

"ரெண்டு" என்றாள் அவள், கதவைப் பார்த்து. "ரெண்டு பிளேடுய்யா. சரியா இருக்கு."

அவர் தலையாட்டிவிட்டுத் தொப்பியை அணிந்துகொண்டு கீழே இறங்கினார்.

பேட்டர்சன் பெண்மணியின் கிழிசல் ஒட்டிக்கொண்டதென்றும், ஊசியில் நூல் கோக்கிறாளென்றும் குளிர்காலத்தில் லெவென்தால் சொல்லியனுப்பினார். அவள் பெயரைச் சொல்லவில்லை, கசிமிரும் கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை அவர் சாமான் அறையிலேயே இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் கூரை வழியாக அந்தச் சத்தம் கேட்கும். சத்தத்தை வைத்து மனதுக்குள் ஒரு எண் சொல்லிக்கொள்வார். சரியா தவறா என்று சொல்ல ஆள் வராது. சில வருடங்களில் பலத்தை அளக்க நல்ல கருவிகள் வந்தன. பிளேடு சுடுவதும் நின்றது. வில்மா வேலையை விட்டுவிட்டு ஃப்ளோரிடாவில் தங்கையிடம் போனாள். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அட்டை அனுப்புவாள். கையெழுத்துக்குக் கீழே ஒரு தொப்பி வரைந்திருப்பாள்.

எண்பதுகளில் கெர்னியின் பெரிய கடையிலும் அந்த வெளிச்சம் வந்துவிட்டது. பாக்கெட்டிலுள்ள விலைக்கோடுகளைப் படிக்க, கல்லா மேஜையில் பதித்த கண்ணாடிக்கு அடியில் மெல்லிய சிவப்புக் கோடுகள் ஓடின. மாணிக்கக் கல் அல்ல, வாயு நிரப்பிய குழாயிலிருந்து வரும் இளைத்த, சாதுவான கதிர். கசிமிர் ஒரு பாக்கெட் சவர பிளேடை மேஜையில் வைத்தார். கல்லாவிலிருந்த பெண் அதை எடுத்துச் சிவப்பின் மேல் நகர்த்தப் போனாள். அவருடைய கை தானாக உயர்ந்து தலையிலிருந்த தொப்பியைக் கழற்றியது. கழற்றிய தொப்பியோடு அவர் மேஜையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

கருவி ஒரு முறை கூவியது.

"என்ன சார், எதையாவது தேடறீங்களா?"

"இல்லம்மா" என்றார் கசிமிர். "மாட்டறதுக்கு இடம் பாத்தேன்."

அவள் புரியாமல் சிரித்துவிட்டு, காசை வாங்கிப் போட்டு, அடுத்தவரின் சாமானைக் கையில் எடுத்தாள். அவர் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு, பிளேடைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.